மேற்கோள் காட்டிக்கோ

மொத டிஸ்க்க உள்ள தள்ளியாச்சு. ட்ரே மூடும்போது நறநறன்னு ஒரு சத்தம், பல்லக் கடிச்ச மாதிரி, கடிச்சது அதுவா நானான்னு தெரியல. திரையில பச்சைக் கோடு ஒண்ணு நகருது. உத்துப் பாத்தா நிக்குது, அந்தப் பக்கம் திரும்பிட்டுப் பாத்தா கொஞ்சம் நகந்திருக்கு. இது முடிஞ்சா அடுத்தது, அது முடிஞ்சா அதுக்கடுத்தது, சாயங்காலம் வரைக்கும் என் ஞாயித்துக்கிழமை இந்தச் சாப்பாட்டு மேசையிலதான். மேசையில இன்னும் மீன்குழம்பு வாசம் போகல. தட்டு இருந்த எடத்துல வட்டமா ஈரம், அந்த ஈரத்துல லேப்டாப்ப வைக்கப் போனேன், பதறிப்போயி என் துப்பட்டாவால தொடைச்சேன். தொடைச்சதுக்கப்புறம்தான் தோணுது, அவன் லேப்டாப்புக்கு எதுக்கு என் துப்பட்டா. வாயில சாரு, மனசுல அவன். இதுவாவது எனக்கு மிச்சம். அவன்னா பேராசிரியர் முனைவர் வேலாயுதப்பெருமாள், தமிழ்த் துறைத் தலைவரு, என் கைடு. உள்ள ரூம்ல ஏசி போட்டுத் தூங்குதான், கொறட்டை ஹால் வரைக்கும் வருது. நல்லாத் தூங்கட்டும். கைடு வீட்டுல கேஸ் தீந்தா ஆய்வாளர் போய்ப் பதியணும், கரண்டு பில்லுக்கு ஆய்வாளர் வரிசையில நிக்கணும், கைடு வந்தா எந்திரிக்கணும், கைடு உக்காரச் சொன்னாலும் உக்காரக் கூடாது, அவரு ரெண்டாந்தடவ சொல்லமாட்டாருல்லா. இதையெல்லாம் எந்த விதிமுறைப் புத்தகத்துலயும் எழுதல, ஆனா எம்ஃபில் முடிச்சு வார பிள்ளையளுக்குப் பொறக்கும்போதே தெரிஞ்சிருக்கும். இன்னைக்கு லேப்டாப். புதுசு ஒண்ணு வாங்கிட்டான், பழசு மாப்பிள்ளைக்கு. மாப்பிள்ளை சாயங்கால வண்டிக்குக் கெளம்புதாராம், அதுக்குள்ள இத வாங்குன அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படி ஆக்கணுமாம். "மொதல்ல ரிக்கவரி டிஸ்க் எடுத்துக்கம்மா, கடைக்காரன் சொன்னான். எடுத்துட்டு எல்லாத்தையும் அழிச்சிரு." இப்படிச் சொல்லிட்டு ஏவ்னு ஒரு ஏப்பம்.

மை கம்ப்யூட்டர்ல போய்ப் பாத்தா சி டிரைவு இருக்கும், டி டிரைவு இருக்கும். அதத் தவிர இன்னொரு பாகம் இருக்கு, அது கண்ணுல காட்டாது. மெஷின் ஃபேக்டரிய விட்டு வெளிய வந்த அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அத அப்படியே மடிச்சு அதுக்குள்ள ஒளிச்சு வச்சிருப்பாங்க. மேல எத்தன வைரஸ் வந்தாலும், எவன் என்னத்தக் கொட்டி வச்சாலும், அது பாட்டுக்கு அங்கன கெடக்கும். அதுலேருந்துதான் இந்த டிஸ்க் எடுக்கது. ஒரே ஒரு தடவதான் எடுக்க விடும், மறுபடி கேட்டா ஏற்கெனவே எடுத்தாச்சுன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிரும். மனுசனுக்கு அப்படி ஒரு பாகம் இருந்தா நான் எந்த நாளுக்குத் திரும்புவேன். இந்த ஆளுகிட்டப் பதிவு பண்ணுன அன்னைக்கா. வேண்டாம், அதுக்கு முந்தின நாளுக்கு. அன்னைக்கு நான் குழாயடியில நின்னுக்கிட்டிருந்தேன், கையில டேப்பு, எதிர்ல சந்தனமாரி. பீடி சுத்துத பொம்பள, என்னவிட ரெண்டு மூணு வயசு மூத்தவ. யாரோ அவ கொடத்த நகத்தி வச்சிட்டாங்க, அதுக்கு அவ வஞ்ச வசவு இருக்கே, கரிமுடிஞ்சு போவ, கொள்ளையில போவ, ஒன் குடி வெளங்காமப் போவன்னு தொடங்கி அந்தக் குடும்பத்துல இன்னும் பொறக்காத பிள்ளை வரைக்கும் போயிட்டா. எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுச்சு. இதுதான் என் ஆய்வுன்னு அந்த எடத்துலயே முடிவு பண்ணுனேன். நெல்லை வட்டாரப் பெண்களின் வசைமொழிகள். நோயச் சொல்லி வையுறது, மண்ணச் சொல்லி வையுறது, வம்சத்தச் சொல்லி வையுறதுன்னு நான் பிரிச்சு அடுக்குனேன். தலைப்ப நீட்டுனப்ப இந்த ஆளு மூக்கப் பொத்திக்கிட்டான். "ஏம்மா, ஆய்வு பண்ண வேற விஷயமே கெடைக்கலையா? சங்க இலக்கியத்துல இல்லாததா?" அப்படிக் கேட்டவன்தான் இன்னைக்கு இதுல புஸ்தகம் போடுதான்.

அவன் வீட்டம்மா, மேடத்தோட டிவி சத்தம் கேக்குது, பழைய சீரியல் மறுபடி போடுதான், யாரோ யாருக்கோ விசம் வச்சுட்டா. இங்க மொத டிஸ்க் முடிஞ்சு வெளிய நாக்க நீட்டுது. தொட்டா சுடுது. மார்க்கர எடுத்து ஒண்ணுன்னு எழுதுனேன், ரெண்டாவதப் போட்டேன். சும்மா எதுக்கு உக்காந்திருக்கணும், புதுசுல ஃபைல ஏத்திருவோம். காலையில பென்டிரைவக் கையில குடுக்கும்போது அவன் மொகத்துல ஒரு பெருமை. "ஃபைல் எல்லாத்தையும் நானே எடுத்துட்டேம்மா, நீ புதுசுல போட்டா மட்டும் போதும்." மெயில்ல போட்டு வைக்கமாட்டான். மெயில்ல இருந்தா எவனாவது திருடிருவானாம். புஸ்தகத்தப் பதிப்பகத்துக்குக்கூட நாளைக்கு நேர்ல கொண்டுபோயித்தான் குடுப்பானாம். களவாணிக்குத்தான் களவு பயம். இதே மேசையில உக்காந்து வசையும் வாழ்வும்ங்கிற அந்தப் புஸ்தகத்த டைப் பண்ணுனவ நான். மூணு இயல் என் ஆய்வேட்டுலேருந்து வரி மாறாம, மிச்சம் ரெண்டு இயல் அதையே கொழப்பி எழுதுனது. திருத்தித் தாரேன்னு வாங்கி வச்ச என் இயலு எல்லாம் இந்த மெஷினுக்குள்ள அவன் பேர மாட்டிக்கிட்டு நிக்கி. முன்னுரைய அவன் சொல்லச் சொல்ல நான் அடிச்சேன். "நான் களப்பணிக்காகக் குழாயடிகளில் நின்றபோது." என்னைக்குய்யா நின்ன. ஒன் வீட்டுக் குழாய்ல தண்ணி வந்தாத் தொறக்கத் தெரியுமா ஒனக்கு. பொண்டாட்டியக் கூப்பிட்டுக் கத்துவ. நன்றியுரை வந்துச்சு, என் பேரு வரும்னு விரல் சும்மா தவிக்கி, வந்துச்சு, "என் மாணவி முத்துப்பேச்சி தட்டச்சு செய்து உதவினார்." அதையும் நானே அடிச்சேன், ஒரு ஒற்றுப்பிழை இல்லாம. சந்தனமாரி பேரு எங்கயும் இல்ல.

அன்னைக்கு ஒரு வார்த்த கேட்டேன், கேக்காம இல்ல. சார், இது என் மூணாவது இயலாச்சே, இது புஸ்தகமா வந்துட்டா நாளைக்கு என் ஆய்வேட்டப் பாக்கிறவங்க நான் ஒங்க புஸ்தகத்தப் பாத்து எழுதிட்டேன்னு சொல்லமாட்டாங்களா சார்னு. கொரல் எனக்கே கேக்கல. அவன் காபிய உறிஞ்சிட்டு மெதுவாச் சொன்னான். "அதனால என்னம்மா. புஸ்தகம் வந்ததும் நீ மேற்கோள் காட்டிக்கோ. கைடு புஸ்தகத்துலேருந்து மேற்கோள் காட்டுறது ஒனக்குத்தான பெருமை." நான் பெத்த பிள்ளைய அடுத்தவன் பேர்ல பதிஞ்சிட்டு, வேணும்னா வந்து பாத்துட்டுப் போங்கான். ஊரெல்லாம் சுத்திச் சேத்து வச்ச வசவு அத்தனையும் நெஞ்சுல வந்து வரிசையா நிக்குது, ஒண்ணுகூட வாய்க்கு வரல. சரி சார்னேன். சரி சார். இதத் தவிர என் வாயில அந்த வீட்டுல வேற ஒரு சொல்லு பொறந்ததில்ல. சினாப்சிஸ்ல கையெழுத்துன்னேன். ஆய்வேட்டோட சுருக்கம் அது, அதுல கைடு கையெழுத்து விழுந்து பல்கலைக்கழகத்துக்குள்ள போனாத்தான் அந்த வேலை என்னோடதுன்னு ஊருக்குத் தெரியும். "புஸ்தகம் வரட்டும், அப்புறம் பாப்போம்." அன்னைலேருந்து அந்தத் தாள் என் பையிலதான் கெடக்கு, பேனாவும் முன் ஜிப்புல. வாரப்பல்லாம் இன்னைக்குப் போட்டுருவாரு, இன்னைக்குப் போட்டுருவாருன்னு. மடிச்ச எடம் நைஞ்சு போச்சு, ரெண்டு தடவ மறுபடி பிரிண்ட் எடுத்தாச்சு.

பென்டிரைவச் செருகுனேன். புதுசுல தொறந்து காட்டுது, வரிசையா படம் படமா. வசையும் வாழ்வும் இறுதி. வசையும் வாழ்வும் முன்னுரை. மகள் கல்யாண போட்டோ. துறை. பாடத்திட்டம். ஒவ்வொண்ணோட மூலையிலயும் வெள்ளையா ஒரு சின்ன கட்டம், அதுக்குள்ள வளைஞ்ச அம்பு. புஸ்தகத்த ரெண்டு தட்டு தட்டுனேன். தேடுது, தேடுது, இல்லன்னுருச்சு. இன்னொண்ணத் தட்டுனேன். இல்ல. எல்லாம் ஷார்ட்கட். ஃபைல் இல்ல, ஃபைல் எங்க இருக்குன்னு காட்டுத அம்பு மட்டும். வீட்டு விலாசத்த ஒரு துண்டுத் தாள்ல எழுதி எடுத்துக்கிட்டு வீட்டையே பேத்து எடுத்தாந்துட்டேன்னு நெனைச்சிருக்கான் மனுசன். சிரிப்பு வந்துச்சு, துப்பட்டாவ வாயில வச்சு அமுக்குனேன். அமுக்குன துப்பட்டாவுல மீன்குழம்பு வாசம். அப்புறம் சிரிப்பு நின்னு போச்சு, ஏன்னா அந்த அம்பையெல்லாம் அங்க வச்சவ நான். போன வருசம், எதுவும் தேடிக் கெடைக்க மாட்டேங்குது, எல்லாத்தையும் முன்னாலயே வைன்னு கத்துனான், சாருக்கு வசதியா இருக்கட்டும்னு ஒவ்வொண்ணுக்கும் டெஸ்க்டாப்புல ஷார்ட்கட் வச்சுக் குடுத்தேன். அதுதான் ஃபைலுன்னு நம்பிட்டான். நெசமான ஃபைல் இந்தப் பழசுக்குள்ள, டியில, உள்ளுக்குள்ள உள்ளுக்குள்ள கெடக்கு. இன்னும் ரெண்டு டிஸ்க். அது முடிஞ்சதும் அழிக்கணும். அழிக்கச் சொன்னது அவன். ஏவ்னு ஏப்பம் விட்டுட்டுச் சொன்னான். என் கை வெளங்காமப் போனாத்தான் ஆச்சு, இல்லன்னா என் கையே அழிக்கும்.

இப்படி ஒண்ண நான் வேண்டுனேனா. வேண்டுனேன். பொய் எதுக்கு. அந்த நன்றியுரைய அடிச்ச அன்னைக்கு பஸ்ஸுல போகும்போது வேண்டுனேன், இவன் கண் முன்னால இவன் எழுத்து அழியணும்னு. இவன் எழுத்து எங்க இருக்கு, என் எழுத்துதான, அப்படியும் அழியணும்னு. என்கிட்ட என்னோடது இருக்கு, வீட்டுல டிரங்குப் பெட்டியில சேலைக்கு அடியில ரெண்டு சிடி, ஆய்வேடு முழுசும், சந்தனமாரி கொரலோட. அவன்கிட்ட இருக்கது இது ஒண்ணே ஒண்ணுதான். இது போச்சுன்னா நாளைக்குப் பதிப்பகத்துக்குக் கொண்டுபோக அவன்கிட்ட அம்பு மட்டும்தான். பத்து பதினஞ்சு வளைஞ்ச அம்பு. போயி நெஞ்சுல குத்திக்கட்டும். அப்புறம்? அப்புறம் என்ன, என்னைத்தான் கூப்புடுவான். ஏம்மா, போயிருச்சாம்மா, சரி, மறுபடி டைப் பண்ணிரு. அவன் என்ன பண்ணுவான், அவன் வீட்டுல எது ஒடைஞ்சாலும் பெறக்குறது நான். அழிச்சாலும் எனக்குத்தான் வேலை. இதென்ன பழியா, இல்ல எனக்கு நானே வச்சுக்கிட்ட தெண்டமா. அதோட நிக்குமா. பென்டிரைவப் பாத்தியே, தெரிஞ்சும் ஏன் சொல்லலன்னு கேட்டா? கேப்பான். கையெழுத்துக் கெடையாது, வெளிய போன்னுருவான். இத்தன வருசமும் மண்ணு. அம்மா ஏற்கெனவே கேக்கா, ஒங்கூடப் படிச்சவளுக்குப் பிள்ளை பள்ளிக்கூடம் போகுது, நீ இன்னும் பள்ளிக்கூடம் போறியேன்னு. ரெண்டாவது டிஸ்க் வெளிய வந்துருச்சு, எப்ப வந்துச்சுன்னு தெரியல. ரெண்டுன்னு எழுதுனேன், அது ஏழு மாதிரி கெடக்கு.

மேடம் டீ கொண்டாந்தாங்க. கோமதி மேடம் தங்கமான பொம்பளதான், யாரக் குத்தம் சொல்லணும், யாரச் சொல்லக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். எதிர் நாற்காலியில சாஞ்சுக்கிட்டு, "முடியலையாம்மா இன்னும்?" "ஒரு டிஸ்க் பாக்கி மேடம்." "சாரு புஸ்தகம் வருதுல்லா. எனக்குத்தான் சமர்ப்பணம் போட்டிருக்காகளாம்." அவங்க மொகம் செவந்துச்சு, கல்யாணமாகிப் பேரன் எடுக்கப் போற பொம்பளைக்கு. அப்புறம் கொரலத் தாழ்த்திக்கிட்டு, "ஆனா ஒண்ணு. அந்தக் கெட்ட வார்த்தையெல்லாம் இவிய எங்க போய்க் கத்துக்கிட்டாகளோ. வீட்டுல ஒரு நாள் ஒரு வார்த்த வந்ததில்ல." குழாயடியில மேடம்னேன். "அங்கல்லாம் போனாகளா?" போயிருப்பாங்க மேடம்னேன். டீய வாயில வச்சேன், சுட்டுருச்சு. இந்தம்மாவுக்கு நான் ஒரு கெடுதலும் நெனைக்கல, அந்தச் சமர்ப்பணமும் அந்த ஃபைலுக்குள்ளதான் இருக்கு, அதுவும்ல போகும். போகட்டும். என் அம்மாவுக்கு நான் ஒரு சமர்ப்பணம் வச்சிருந்தேனே, அது எங்க போச்சு. மேடம் எந்திரிச்சு டிவிக்குப் போயிட்டாங்க. மூணாவது டிஸ்க் பாதியில நின்னு போச்சு. எழுதிட்டு, எழுதுனது சரியான்னு திரும்பப் படிச்சுப் பாக்கும்ல, அதுல பிழைன்னுருச்சு. வேற டிஸ்க் போடுங்குது. கெட்டத வெளிய எடுத்தா பளபளன்னு என் மொகம் தெரியுது, மூக்கு நுனி வேர்த்து, கண்ணு உள்ள போயி. இந்த மூஞ்சியா பழி வாங்கப் போகுது. சரின்னு வேற ஒண்ண எடுத்துப் போட்டேன். மறுபடி பச்சைக் கோடு.

சந்தனமாரிகிட்ட ஒரு நாள் கேட்டேன், இருக்கதுலயே பெரிய சாபம் எது அக்கான்னு. பீடிய மடிச்சுக்கிட்டே சொன்னா. "சத்தம் போட்டு வையுறவ சாயந்தரம் கொழம்பு கேட்டு வந்து நிப்பாட்டி. அதெல்லாம் கணக்குல வராது. மண்ணள்ளித் தூத்துறதுதான் பெருசு. அதுக்கு வாயே வேண்டாம். ஆனா ஒண்ணு, தூத்துறதுக்கு முன்னால அவன் மூஞ்சிக்கு நேரா ஒரு தடவ நியாயம் கேட்டுரணும். கேக்காமத் தூத்துனா மண்ணு காத்துல திரும்பி ஒங் கண்ணுலதான் விழும். கேட்டு அவன் இல்லன்னுட்டா, அப்புறம் ஒனக்குப் பாவம் கெடையாது." எத்தன தடவ கேக்கணும்க்கா? "ஒரு தடவைதான். ரெண்டு தடவ கேட்டா அது பிச்சைட்டி." இத என் மூணாவது இயல்ல எழுதியிருக்கேன், எங்கயும் இல்லாத வழக்கம், கள ஆய்வுல கெடைச்சதுன்னு. இப்ப அது அவன் புஸ்தகத்துல, நான் கேட்டறிந்த வழக்கம்னு. படிச்சிருந்தா அவனுக்கே தெரியும். படிக்கலையே, வாங்கிப் பேரப் போட்டதோட சரி. ஒரு தடவ சொல்லுவேன். சார், அதுல ஃபைல் இல்லன்னு, தெளிவா, எச்சி முழுங்காம. கேட்டான்னா நல்லது, டியிலேருந்து நானே எடுத்து வச்சிருவேன், என் தலையெழுத்து, புஸ்தகம் வரட்டும், நான் மேற்கோள் காட்டிக்கிட்டுச் சாகுதேன். கேக்கலன்னா. கேக்கலன்னா. ஆத்தா, கேக்கக் கூடாதுன்னு ஒரு மனசு வேண்டுதே, இது என்ன மனசு. கேட்டுரக் கூடாது அவன். எப்பவும் போல இருக்கட்டும். ஒரு நாளும் என்னை ஒரு வாக்கியம் முழுசா முடிக்க விட்டதில்ல, இன்னைக்கு மட்டும் விட்டுரக் கூடாது.

கொறட்டை நின்னுச்சு. செருப்புச் சத்தம். எந்திரிச்சிட்டேன், நான் எந்திரிக்கல, காலு தானா எந்திரிச்சிருச்சு, அத்தன வருசப் பழக்கம். பனியனோட வந்து நிக்கான், கன்னத்துல தலகாணி மடிப்பு. "முடிஞ்சுதா?" டிஸ்க் எடுத்தாச்சு சார், அழிக்கிறதுதான் பாக்கின்னேன். "அப்ப அழிச்சிர வேண்டியதான. ஆறு மணி வண்டிக்கு மாப்பிள்ளை கெளம்பணும்லா." சார், அதுக்கு முன்னால ஒண்ணு. அந்தப் பென்டிரைவ்ல ஃபைல் இல்ல சார். வெறும் ஷார்ட்கட்தான் வந்திருக்கு, புஸ்தகம் இன்னும் இதுலதான், ஒரு தடவ நீங்களே பாத்துட்டீங்கன்னா. வாக்கியம் முடியல. கைய நீட்டி நிறுத்திட்டான். "முத்துப்பேச்சி. நானே என் கைப்பட ஒவ்வொண்ணா எடுத்திருக்கேன். நேத்துப் பூரா உக்காந்து எடுத்திருக்கேன். நீ எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தார அளவுக்கு வந்துட்டியா?" இல்ல சார். "சொன்னதச் செய்யி. அழி." நான் அவன் கண்ணையே பாத்தேன், இது வரைக்கும் பாத்ததில்ல, பழுப்புக் கண்ணு, அதுல என்னைப் பத்தி ஒண்ணுமே இல்ல. சரி சார்னேன். குளிக்கப் போயிட்டான். ரெண்டு தடவ கேட்டா அது பிச்சை.

எல்லாம் அழிஞ்சிரும், திரும்பக் கெடைக்காது, சம்மதமான்னு கேக்குது. எவ்வளவு மரியாதையாக் கேக்குது. இந்த வீட்டுல என்கிட்ட யாரும் இப்படிக் கேட்டதில்ல. விரல் ஆமாங்கிறதுக்கு மேல நிக்குது. அந்த டியில என்னோட மூணு இயலும் அவன் பேர்ல கெடக்கு. அழியுறது அவன் பேருதான், என்னோடது டிரங்குப் பெட்டியில பத்திரமா இருக்கு, அப்புறம் எதுக்கு அமுக்காம நிக்கேன். பயமா. பயந்தான். பாவமா. இல்ல, பாவம் இல்ல, தேடிப் பாத்துட்டேன், உள்ள எங்கயும் இல்ல. குளியலறையில தண்ணி விழுது, பாட்டு மொணங்குதான். அமுக்குனேன். திரை கறுத்துச்சு. ஒரு நிமிசம் என் நெஞ்சும் கறுத்துச்சு. அப்புறம் கீழேருந்து கோடு பொறப்பட்டு ஊர்ந்துச்சு, இந்தத் தடவ நான் கண்ணெடுக்காமப் பாத்துக்கிட்டே இருந்தேன், பாக்கப் பாக்கவே நகந்துச்சு. முன்னுரை போச்சு. குழாயடிகளில் நின்றபோது போச்சு. தட்டச்சு செய்து உதவினார் போச்சு. மகள் கல்யாண போட்டோவ நெனைச்சேன், அது ஸ்டூடியோவுல ஆல்பமா இருக்கும், பொண்ணுக்கு ஒண்ணும் நட்டமில்ல. பாடத்திட்டம் துறையில இருக்கும். இல்லாமப் போனது ஒண்ணே ஒண்ணுதான். மண்ணு கையில ஒட்டல, காத்துலயும் பறக்கல. டீ ஆறிப் போயிருந்துச்சு, அதையும் குடிச்சு முடிச்சேன், ருசியா இருந்துச்சு.

குளிச்சு, விபூதி பூசிக்கிட்டு வந்தான். பழசு திரையில புதுக் கம்ப்யூட்டர் மாதிரி வருக வருகன்னு நிக்குது, ஒங்க பேரு என்னன்னு கேட்டுக்கிட்டு. "அட, பளிச்சுன்னு ஆயிட்டே." நான் எந்திரிக்கல. காலு எந்திரிக்கப் பாத்துச்சு, தொடையில ரெண்டு கையையும் வச்சு அமுக்கிக்கிட்டேன். அவன் அதக் கவனிக்கல, புதுச முன்னால இழுத்து வச்சு, பென்டிரைவத் தொறந்து, புஸ்தகத்தத் தட்டுனான். தேடுச்சு. இல்லன்னுச்சு. மறுபடி தட்டுனான். முன்னுரையத் தட்டுனான். கல்யாணத்தத் தட்டுனான். பாடத்திட்டத்தத் தட்டும்போது விரல் வேகம் கொறஞ்சு போச்சு. பழசப் பாத்தான். புதுசப் பாத்தான். விபூதிக்குக் கீழ வேர்வ எறங்குது. "என்னம்மா இது." ஷார்ட்கட் சார். அதத்தான் சார் சொன்னேன். அவன் வாயத் தொறந்தான், கத்தப் போறான்னு நெனைச்சேன், கத்தட்டும்னு காத்துக்கிட்டிருந்தேன், திரும்பி மேடம் இருக்க பக்கம் பாத்துட்டு வாய மூடிக்கிட்டான். கத்துனா என்னன்னு கத்துவான். என்ன போச்சுன்னு கேப்பாங்கல்லா, எங்கேருந்து வந்ததுன்னு கேப்பாங்கல்லா. திருடனுக்குத் தேள் கொட்டுன மாதிரி அப்படியே நின்னான். அப்புறம் நாற்காலிய இழுத்துப் போட்டு எனக்கு எதிர்ல உக்காந்தான்.

"சரி விடு," ரொம்ப மெதுவாச் சொன்னான், நான் இந்தக் கொரல இவன்கிட்டக் கேட்டதே இல்ல. "ஒங்கிட்ட இருக்கும்லா. அது ஒன்னோடதுதானம்மா, ஒங்கிட்ட இல்லாமயா போயிரும்." நல்லாக் கேட்டுச்சு எனக்கு. ஆனாலும் என்ன சார்னேன். "ஒன்னோடதுதானன்னேன்." சமையக்கட்டுல குக்கர் விசிலடிச்சுது. இந்த ஒரு சொல்ல வாங்கத்தான் கேஸ் பதிஞ்சேன், கரண்டு பில்லுக்கு நின்னேன், துப்பட்டாவால மேசை தொடைச்சேன். இருக்கு சார்னேன். அவன் மொகத்துல உசுரு வந்துச்சு. "நாளைக்குக் காலையில எடுத்துட்டு வந்துரு, நாம ரெண்டு பேரும் உக்காந்து." சார், அது ஆய்வேடாத்தான் இருக்கு. என் பேர்ல இருக்கு. சினாப்சிஸ்ல நீங்க கையெழுத்துப் போட்டீங்கன்னா நாளைக்கே பல்கலைக்கழகத்துல குடுத்துருவேன். என் கொரல் எனக்கே கேட்டுச்சு, ஒரு எடத்துலயும் ஒடையல. பையத் தொறந்து தாள எடுத்து மேசையில, மூணு டிஸ்க்குக்குப் பக்கத்துல, ஈரம் இல்லாத எடமாப் பாத்து விரிச்சு வச்சேன். ஆய்வேடு வெளிய வந்ததும் ஒங்க புஸ்தகத்துக்கு வேணுங்கிறத எடுத்து மேற்கோள் காட்டிக்கோங்க சார்.

இந்த வாக்கியத்த அவன் முடிக்க விட்டான். தாளப் பாத்தான். கை சட்டைப் பையைத் தேடுச்சு, சட்டையே போடல, பனியன்தான். "பேனா இருக்கா?" பையோட முன் ஜிப்புல இருக்கு. எனக்குத் தெரியும், கைய விட்டா மொதல்ல தட்டுப்படுறது அதுதான். பாக்கணும் சார்னேன். எடுக்கல. அவன் எந்திரிச்சான். டிவி மேல பாத்தான், ஃபிரிட்ஜு மேல பாத்தான், அலமாரி டிராயர இழுத்தான், உள்ள கெடந்த சாவியும் திருநீறுப் பொட்டலமும் கீழ விழுந்துச்சு, குனிஞ்சு பெறக்குனான். "கோமதி, ஒரு பேனா எங்கருக்கு?" "அங்கனதான் இருக்கும், பாருங்க," டிவி முன்னாலேருந்து மேடம் சொன்னாங்க. அடுத்த டிராயர இழுத்தான். ஒரு பேனா கெடைச்சுது, எழுதிப் பாத்தான், மை வரல, ஒதறிட்டு இன்னொண்ணத் தேடுதான். தேடட்டும். எனக்கு அவசரமில்ல, உக்காந்திருக்கேன்.